சித்திர பாரதி: ஐந்து படங்களுக்குள் அடங்காத ஒரு வாழ்க்கை

'சித்திர பாரதி' என்பது ரா. அ. பத்மநாபன் (1917–2014) எழுதித் தொகுத்த, படங்களுடன் கூடிய பாரதி வாழ்க்கை வரலாறு. 1957-இல் முதலில் வெளிவந்தது. பாரதி நூற்றாண்டான 1982-இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. பின்னர் காலச்சுவடு பதிப்பகம் அதை மீண்டும் வெளியிட்டது. பாரதியைப் பற்றிய நூல்கள் நூற்றுக்கணக்கில் உள்ள தமிழில், படத்தையே முதன்மைச் சான்றாக வைத்து ஒரு கவிஞனின் வாழ்க்கையைச் சொல்ல முயன்ற நூல்களில் இது முன்னோடி.

இந்நூலைப் பாராட்டுவது எளிது. பாரதி ஆய்வில் இறங்கும் எவரும் இதைத் தொடாமல் செல்ல முடியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த நூல் நம்முன் வைக்கும் கேள்வி பாராட்டோடு முடிவதில்லை. மக்கள் நேசிக்கும் ஒரு கவிஞனை, விடுதலைப் போராளியை, படங்களின் வழியே நினைவுகூரும்போது எதைக் காட்டுகிறோம், எதை விட்டுவிடுகிறோம்? நாம் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்து வளர்ந்த பாரதியும் உண்மையில் வாழ்ந்த பாரதியும் ஒருவர்தானா? இக்கட்டுரை அந்தக் கேள்வியை முன்வைத்து இந்நூலின் சிறப்பையும் எல்லையையும் ஆராய்கிறது.

நூலாசிரியரும் காலமும்

ரா. அ. பத்மநாபன் பல்கலைக்கழக ஆய்வாளர் அல்லர், பத்திரிகையாளர். ஆனந்த விகடன், இந்துஸ்தான் முதலிய இதழ்களில் பணியாற்றியவர். 'பாரதி புதையல்' தொகுதிகள், 'பாரதியின் கடிதங்கள்', 'பாரதியைப் பற்றி நண்பர்கள்' ஆகியவை அவருடைய பிற தொகுப்புகள். வ. வே. சு. ஐயர், நீலகண்ட பிரம்மசாரி ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதினார். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே அவருடைய இயல்பு புரியும். பாரதியைப் பற்றிக் கருத்துச் சொல்வதைவிட, பாரதியைப் பற்றிய சான்று ஒன்று எங்கோ அழிந்துகொண்டிருக்கிறதே என்ற கவலை அவருக்கு அதிகம்.

அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. பாரதி 1921 செப்டம்பரில் மறைந்தார். நூல் வெளிவந்தபோது 36 ஆண்டுகள் கடந்திருந்தன. சுப்பிரமணிய சிவாவும் வ. வே. சு. ஐயரும் 1925-லேயே மறைந்துவிட்டார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1936-இல் மறைந்தார். அரவிந்தர் 1950-இல், வ. ரா. 1951-இல், செல்லம்மாள் 1955-இல் மறைந்தனர். பாரதியை நேரில் அறிந்து அப்போது உயிரோடு இருந்தவர்களில் பரலி சு. நெல்லையப்பரும் பாரதிதாசனும் குறிப்பிடத்தக்கவர்கள். இன்னும் பத்தாண்டுகள் தாமதித்திருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் பலர் இருந்திருக்க மாட்டார்கள். நினைவு வரலாறாக மாறுவதற்கு முன்பு இருக்கும் குறுகிய இடைவெளியில் எழுதப்பட்ட நூல் இது.

அதற்கு முன்பே பாரதியைப் பற்றிய நினைவு நூல்கள் வந்திருந்தன. செல்லம்மாளின் 'தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம்' 1941-லும், வ. ரா.வின் 'மகாகவி பாரதியார்' 1944-லும், ரா. கனகலிங்கத்தின் 'என் குருநாதர் பாரதியார்' 1947-லும், யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' 1954-லும் வெளிவந்தன. இவை எல்லாம் "நான் கண்ட பாரதி" என்ற வகையைச் சேர்ந்தவை. அன்பு நிறைந்தவை; அதே சமயம் ஆண்டும் தேதியும் இடமும் நினைவைப் பொறுத்து முன்பின்னாக மாறக்கூடியவை. பத்மநாபனின் பங்களிப்பு, இந்த நினைவுகளுக்கு அருகில் ஒரு படத்தையோ, பத்திரிகைப் பக்கத்தையோ, கையெழுத்தையோ வைத்து, நினைவைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைத் தொடங்கிவைத்ததுதான்.

ஐந்து புகைப்படங்கள்

பாரதியின் புகைப்படங்கள் என்று இன்று பொதுவாக ஏற்கப்படுபவை ஐந்தே ஐந்து. இரண்டு புதுச்சேரியில் எடுக்கப்பட்டவை. இரண்டு 1919-இல் காரைக்குடியில் எடுக்கப்பட்டவை. ஒன்று அவருடைய கடைசிக் காலத்தில் சென்னையில் எடுக்கப்பட்டது. மனைவி செல்லம்மாளுடன் இருக்கும் படமும், கையில் தடியுடன் இருக்கும் காரைக்குடிப் படமும் இவற்றில் பரவலாக அறியப்பட்டவை.

இந்த எண்ணிக்கையை ஒரு வாழ்க்கை வரலாற்று ஆசிரியரின் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். பாரதி 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினொரு வயதில் 'பாரதி' என்ற பட்டம் பெற்றார். 1897-இல் திருமணம். 1898-இல் தந்தை சின்னசாமி ஐயர் மறைந்தார். பிறகு காசி வாழ்க்கை. 1904-இல் சில மாதங்கள் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் பணி. அதே ஆண்டு சென்னையில் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர் பணி. 1906-இல் 'இந்தியா' வார இதழ். 1907-இல் சூரத் காங்கிரஸ். 1908-இல் புதுச்சேரிக்குச் செல்லுதல். இத்தனை நிகழ்ச்சிகளில் ஒன்றுக்குக்கூடப் பாரதியின் புகைப்படம் நம்மிடம் இல்லை. அதாவது, வாழ்க்கையின் முதல் 25 ஆண்டுகள் முகமே இல்லாத ஆண்டுகள்.

படங்களால் வாழ்க்கையைச் சொல்லும் நூலுக்கு இது பெரிய சோதனை. இரண்டு வழிகள் உள்ளன. ஓர் ஓவியரைக் கொண்டு இல்லாத காட்சிகளை வரையச் செய்யலாம்: எட்டயபுரம் அரண்மனையில் சிறுவன் பட்டம் பெறும் காட்சி, கங்கைக் கரையில் நிற்கும் இளைஞன், நிவேதிதா தேவியின் முன் அமர்ந்திருக்கும் பத்திரிகையாளன் என்று. அமர் சித்திரக் கதை போன்ற படக்கதைகள் செல்லும் வழி இது. குழந்தைகளுக்கு அந்த வழி பயன்படும். அதில் தவறு இல்லை.

பத்மநாபன் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். பாரதி இல்லாத இடத்தில் பாரதியைக் கற்பனையாக வைக்கவில்லை. பாரதியைச் சுற்றி இருந்தவற்றைக் காட்டினார். அவர் வாழ்ந்த ஊர்கள், வீடுகள், பழகிய மனிதர்கள், நடத்திய இதழ்களின் பக்கங்கள், நூல்களின் முகப்புகள், அவருடைய கையெழுத்து. நடுவில் நிற்க வேண்டியவரின் படம் இல்லாதபோது, அவர் நின்ற இடத்தின் எல்லைகளைக் கோடிட்டுக் காட்டுவது போன்ற முறை இது. வாசகர் அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே காண்கிறார். தெரிந்தது எது, தெரியாதது எது என்ற வேறுபாடு மறைக்கப்படவில்லை. 'சித்திர பாரதி'யின் முதன்மையான சிறப்பு இந்த நேர்மைதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

சுவரில் இருக்கும் பாரதி

மக்கள் மனத்தில் இருக்கும் பாரதியின் உருவம் புகைப்படத்தைவிட ஓவியத்துக்கே அதிகம் கடமைப்பட்டது. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கிய மீசை, நெற்றியில் பொட்டு, நேராகப் பார்க்கும் பெரிய கண்கள். இந்த உருவத்தை மக்களிடம் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஓவியர் ஆர்யா என்ற கே. பாஷ்யம். அவரும் விடுதலைப் போராட்ட வீரர். 1932 ஜனவரி 26 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் மூவண்ணக் கொடியை ஏற்றியவர். ஒரு போராளி இன்னொரு போராளியை வரைந்தபோது அந்த ஓவியத்தில் வீரமே மேலோங்கி நின்றது இயல்பு.

இந்த உருவம் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்பதற்குத் திரைப்படங்களே சான்று. 1961-இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் எஸ். வி. சுப்பையா பாரதியாக நடித்தார். 2000-இல் ஞான ராஜசேகரன் இயக்கிய 'பாரதி' படத்தில் மராத்தி நாடக மேடையில் இருந்து வந்த சாயாஜி ஷிண்டே நடித்தார். இருவருடைய முகச் சாயலும் வேறு வேறு. ஆனாலும் தமிழ் மக்கள் இருவரையும் பாரதியாக ஏற்றுக்கொண்டார்கள். காரணம், தலைப்பாகையும் மீசையும் கோட்டும் இருந்தால் போதும் என்ற நிலை உருவாகியிருந்தது. முகம் மறைந்து உடை அடையாளமாகிவிட்டது. இன்று பள்ளி விழாவில் ஐந்து வயதுக் குழந்தைக்கு மையால் மீசை வரைந்து துண்டைத் தலையில் சுற்றினால் அதுவும் பாரதிதான்.

அடையாளம் எளிமையாவதில் பயன் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாரதியை அறிந்துகொள்கிறார். ஆனால் இழப்பும் உண்டு. சுவரில் இருக்கும் பாரதி எப்போதும் தனியாக இருக்கிறார், எப்போதும் நிமிர்ந்து நிற்கிறார். மனைவி இல்லை. குழந்தைகள் இல்லை. நண்பர்கள் இல்லை. கடன் இல்லை. நோய் இல்லை. அவர் எப்போதும் கோபமாக இருக்கிறார். நகைச்சுவைக் கதைகள் எழுதிய பாரதி, உலகச் செய்திகளுக்குக் குறிப்பு எழுதிய பத்திரிகையாளர் பாரதி, பிள்ளைகளோடு விளையாடிய பாரதி ஆகியோருக்கு அந்தச் சுவரில் இடம் கிடைப்பதில்லை.

புகைப்படங்கள் இதைத் திருத்துகின்றன. செல்லம்மாளுடன் எடுத்துக்கொண்ட படத்தை எடுத்துக்கொள்ளலாம். பெண் விடுதலையைப் பற்றி எழுதிய ஒருவர், தம் மனைவியோடு புகைப்படக் கருவியின் முன் வந்து நிற்கிறார். அந்தக் காலத்துச் சூழலில் இது வீட்டுக்குள் முடிந்துபோகும் செயல் அன்று. எழுதியதை வாழ்க்கையில் கடைப்பிடிக்க முயன்றதற்கு அந்தப் படம் ஒரு சான்று. அதே படத்தை வேறு விதமாகவும் படிக்க வேண்டும். கணவரின் துணிச்சலுக்கான விலையை ஊராரின் பேச்சாகவும் வீட்டின் வறுமையாகவும் கொடுத்தவர் செல்லம்மாள். அவருடைய நூலைப் படித்துவிட்டு இந்தப் படத்தைப் பார்ப்பவருக்குப் பாரதியின் முகத்தைவிட அவருடைய முகமே நெடுநேரம் நினைவில் நிற்கும். ஓவியத்தால் தர முடியாத இந்த இரண்டாவது வாசிப்பைப் புகைப்படம் தருகிறது.

படத்தின் வலிமையை அறிந்த பாரதி

பாரதியின் வாழ்க்கையைப் படங்களால் சொல்வது பொருத்தமானது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்தைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர் பாரதியே. 1906 முதல் சென்னையிலும், பிறகு 1910 வரை புதுச்சேரியிலும் வெளிவந்த 'இந்தியா' இதழ் கருத்துப்படங்களைத் தன் முகப்பில் வெளியிட்டது. அன்னிய ஆட்சியின் சுரண்டல், மிதவாதிகளின் தயக்கம், சுதேசி இயக்கம் ஆகியவை படங்களாக மக்கள் முன் வந்தன. படத்தோடு அதை விளக்கும் குறிப்பும் இருக்கும். இவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி பின்னர்த் தனி நூலாகத் தொகுத்தார்.

எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த காலம் அது. ஒருவர் படிக்கப் பலர் கேட்ட காலம். அந்தச் சூழலில் ஒரு படம் கட்டுரையைவிட வேகமாகச் செல்லும் என்பதைப் பாரதி உணர்ந்திருந்தார். தம் காலத்துப் பத்திரிகையாளர்கள் பலர் படத்தை அலங்காரமாகக் கருதியபோது, அவர் அதை வாதமாகக் கருதினார். எனவே பாரதியைப் பற்றிய எந்தச் சித்திர நூலையும் அளப்பதற்கு அவரே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறார் எனலாம். படம் அழகுக்காக இருக்கிறதா, ஏதேனும் சொல்கிறதா? 'சித்திர பாரதி'யின் பத்திரிகைப் பக்கங்களும் கையெழுத்துகளும் சொல்கின்றன. ஒரு கவிதை முதலில் அச்சேறிய பக்கத்தைப் பார்க்கும் மாணவர், அந்தக் கவிதை காற்றில் பிறக்கவில்லை, விளம்பரங்களுக்கும் செய்திகளுக்கும் நடுவே, ஒரு குறிப்பிட்ட வாரத்தின் அரசியலுக்குள் பிறந்தது என்பதைப் புரிந்துகொள்கிறார். பாடநூலில் தனியாக நிற்கும் கவிதை இந்தப் புரிதலைத் தராது.

எல்லைகள்

அஞ்சலியாக எழுதப்படும் எந்த நூலுக்கும் உள்ள எல்லைகள் இந்த வகை நூலுக்கும் உண்டு. அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, படம் கிடைப்பதில் உள்ள ஏற்றத்தாழ்வு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ளப் பணமும் வாய்ப்பும் வேண்டும். தலைவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகை அதிபர்கள், ஜமீன்தார்கள் ஆகியோரின் படங்கள் கிடைக்கும். பாரதி கவிதையில் பாடிய குள்ளச்சாமிக்கும், புதுச்சேரி வீட்டில் அன்போடு உழைத்த அம்மாக்கண்ணுவுக்கும் அந்த வாய்ப்பு எங்கே? பாரதியின் வாழ்வில் அவர்கள் சிறிய மனிதர்கள் அல்லர். ஆனால் படத்தை அடிப்படையாகக் கொண்ட நூலில், படம் இல்லாதவர் ஒரு வரியாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. சாதிகளைக் கடந்து பழகிய ஒரு கவிஞனின் வாழ்க்கை, ஆவணங்கள் வழியே சொல்லப்படும்போது மீண்டும் படித்த, வசதியான வட்டத்துக்குள் திரும்பிவிடக்கூடும். இது தொகுப்பாசிரியரின் குறை அன்று. ஆவணங்களின் குறை. ஆனால் வாசகர் அதை அறிந்திருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குப் பாரதி பூணூல் அணிவித்த நிகழ்ச்சியை நாம் இவ்வளவு விரிவாக அறிந்திருப்பதற்குக் காரணம் கனகலிங்கமே ஒரு நூல் எழுதியதுதான். எழுதாதவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது, வீரக் கதைக்குள் அடங்காத நிகழ்ச்சிகள். 1908-இல் 'இந்தியா' இதழின் மீது அரசு நடவடிக்கை எடுத்தபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசன் கைதானார். அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. இதழின் உண்மையான ஆசிரியராக இருந்த பாரதி புதுச்சேரிக்குச் சென்றார். நண்பர்களின் வற்புறுத்தலால் சென்றார் என்று வரலாறுகள் கூறுகின்றன. அதேபோல் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி கடலூர் அருகே கைதானார். சிறையிலிருந்து சென்னை ஆளுநர் பென்ட்லண்டுக்கு மனு எழுதினார். நிபந்தனைகளை ஏற்று விடுதலையானார்.

இந்த நிகழ்ச்சிகளைப் படமாக்க எவரும் விரும்புவதில்லை. சீனிவாசன் என்ற பெயர் பள்ளிப் பாடங்களில் இல்லை. மனு எழுதிய பாரதி சுவர் ஓவியத்தில் இல்லை. இவற்றைச் சொன்னால் பாரதியின் மதிப்புக் குறையும் என்ற அச்சமே காரணம். ஆனால் உண்மை நேர்மாறானது. பத்தாண்டுக் காலம் ஒற்றர்களின் கண்காணிப்பில், வருமானம் இல்லாமல், இரு பெண் குழந்தைகளோடு வாழ்ந்த ஒருவர் களைப்படைந்தார் என்பது அவரை நமக்கு நெருக்கமாக்குகிறது. அந்தக் களைப்புக்குப் பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார் என்பதுதான் வியப்பு. ஒரு பாரதி வரலாற்றைக் கையில் எடுக்கும் மாணவர், சீனிவாசன் பெயரும் கடலூர் மனுவும் அதில் எப்படிச் சொல்லப்பட்டுள்ளன என்று தேடிப்பார்ப்பது நல்ல பயிற்சி. நூலின் நேர்மையை அளக்க அந்த இரண்டு இடங்கள் போதும்.

மூன்றாவது, மரணம் பற்றிய கதை. பாரதியின் முடிவு என்றதும் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானையே நினைவுக்கு வருகிறது. ஓவியர்களுக்கும் திரைப்படக்காரர்களுக்கும் அது மறுக்க முடியாத காட்சி. "யானை மிதித்து இறந்தார்" என்றே பலர் இன்றும் நம்புகிறார்கள். ஆனால் யானை தள்ளிய நிகழ்ச்சிக்குப் பிறகு பாரதி உடல்நலம் தேறினார். சுதேசமித்திரன் அலுவலகத்துக்குச் சென்றார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்துக்குப் பயணம் செய்து உரையாற்றினார். பின்னர் வயிற்றுக் கடுப்பு நோயால் பாதிக்கப்பட்டு, 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து உயிர்நீத்தார். அதனால்தான் அவருடைய நினைவுநாள் செப்டம்பர் 11 என்றும் 12 என்றும் இரு விதமாகக் கூறப்படுகிறது. இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பது அவருடைய நண்பர்கள் பதிவுசெய்த செய்தி.

யானைக்குப் படம் உண்டு. வயிற்றுக் கடுப்புக்குப் படம் இல்லை. ஆனால் நாட்டுக்காகப் பாடிய ஒருவர் 39 வயது நிறைவதற்கு முன், வாடகை வீட்டில், சாதாரண நோய் ஒன்றால், நலிந்த உடம்போடு இறந்தார் என்பதே உண்மை. யானையைக் குற்றம் சாட்டினால் சமூகம் தப்பித்துக்கொள்ளலாம். நோயையும் வறுமையையும் சொன்னால் அவரைச் சமூகம் எப்படி வைத்திருந்தது என்ற கேள்வி எழும். ஒரு சித்திர வரலாறு எந்தப் படத்தைப் பெரிதாக வைக்கிறது என்பது வெறும் பக்க அமைப்புச் சிக்கல் அன்று என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே விளக்கும்.

பிற்கால ஆய்வுகளுக்கு நடுவில்

'சித்திர பாரதி' வெளிவந்த பிறகு பாரதி ஆய்வு மிகவும் வளர்ந்துவிட்டது. பெரியசாமித் தூரன் 1953-இல் 'பாரதி தமிழ்' வழியே தொடங்கிய பணியைப் பலர் தொடர்ந்தனர். இளசை மணியன் 'இந்தியா' இதழின் எழுத்துகளைப் 'பாரதி தரிசனம்' என்று தொகுத்தார். தொ. மு. சி. ரகுநாதனின் 'பாரதி: காலமும் கருத்தும்' பாரதியின் அரசியல் சூழலை விரிவாக ஆராய்ந்தது. சீனி. விசுவநாதன் பாரதியின் படைப்புகளைக் கால வரிசையில் பதிப்பித்தார். இவற்றோடு ஒப்பிடும்போது, பாரதியின் சிந்தனை எப்படி மாறியது, ஒரு கவிதை எப்படித் திருத்தப்பட்டது போன்ற கேள்விகளுக்குச் சித்திர வரலாற்றில் விடை தேட முடியாது. அது அந்நூலின் நோக்கமும் அன்று.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த வகை நூல் பிற்கால நூல்களைவிட முன்னிற்கிறது. கருத்தை ஆராயும் நூலில் பாரதி ஒரு சிந்தனையாகத் தெரிகிறார். சித்திர வரலாற்றில் அவர் ஓர் ஊரில், ஒரு தெருவில், ஒரு வீட்டில் வாழ்ந்த மனிதராகத் தெரிகிறார். எட்டயபுரத்தில் பிறந்த வீடு, புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு, திருவல்லிக்கேணித் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு ஆகியவை இன்று நினைவில்லங்களாக உள்ளன. இவற்றைப் பார்க்கச் செல்லும் மாணவர் ஒருவர், முன்பே இந்நூலைப் புரட்டியிருந்தால், அங்குள்ள சுவர்களை வேறு கண்ணோடு பார்ப்பார். அந்த மூன்று வீடுகளுக்கு இடையே ஒரு மனிதன் எத்தனை தூரம் அலைந்தான் என்பதை உணர்வார்.

இன்றைய வாசகருக்கு

இன்று படங்களுக்குப் பஞ்சம் இல்லை. இணையத்தில் பாரதி என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவற்றுள் எது புகைப்படம், எது ஓவியம், எது கணினியால் வண்ணம் தீட்டப்பட்டது, எது முழுக் கற்பனை என்று பிரித்தறிவது நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. பாரதி எழுதாத வரிகள் அவர் படத்தின் கீழ் அச்சாகிச் சுற்றுகின்றன. படம் இருப்பதாலேயே அந்த வரிகளும் நம்பப்படுகின்றன. ஐந்து புகைப்படங்களே இருந்த காலத்தைவிட, ஐயாயிரம் படங்கள் உள்ள இக்காலத்தில் பாரதியின் முகம் தெளிவில்லாமல் போயிருக்கிறது.

இந்தச் சூழலில் ரா. அ. பத்மநாபனின் முறை பழமையானதாகத் தோன்றினாலும் அதுவே நமக்குத் தேவையான முறை. இந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது? எந்த ஆண்டு? யாரிடமிருந்து கிடைத்தது? அருகில் இருப்பவர்கள் யார்? ஒவ்வொரு படத்தின் முன்னும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகிய வாசகரை எந்தப் போலிப் படமும் எளிதில் ஏமாற்ற முடியாது. புதிய பதிப்பு ஒன்று வருமானால், ஒவ்வொரு படத்துக்கும் இந்த விவரங்களை இன்றைய ஆய்வுகளின் துணையோடு விரிவாகச் சேர்ப்பது பயனுள்ள பணியாக இருக்கும். படம் கிடைக்காத மனிதர்களின் பெயர்களுக்கும் அதில் உரிய இடம் தர வேண்டும். ஒரு வெற்றுச் சட்டமும் அதன் கீழ் ஒரு பெயரும் இருந்தால்கூடப் போதும்.

பாரதியின் நூல்களுக்கான உரிமை 1949-இல் அரசுடைமையாக்கப்பட்டு, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. ஒரு கவிஞனின் எழுத்து எல்லோருக்கும் சொந்தமானது. அவருடைய உருவமும் அப்படியே. எல்லோருக்கும் சொந்தமான ஒன்றை எவர் வேண்டுமானாலும் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளவும் முடியும். அதைக் காப்பது சட்டத்தால் ஆகாது. கவனமுள்ள வாசகர்களால்தான் ஆகும். 'சித்திர பாரதி' அத்தகைய வாசகர்களை உருவாக்கக்கூடிய நூல். பாரதியை வணங்குவதற்கு வேறு பல நூல்கள் உள்ளன. அவரை உற்றுப் பார்க்க விரும்புபவர் இதிலிருந்து தொடங்கலாம்.